மார்த்தாண்டம் பக்கம் நான்கு ஞாயிறு தேனீப் பயிற்சி: காசுக்குத் தகுமா?

வள்ளியூரில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் முருங்கையும் கொஞ்சம் தென்னையும் இருக்கிறது. முருங்கை பூக்கும், கொத்துக் கொத்தாக உதிரும், காய் மட்டும் எதிர்பார்த்த அளவுக்குப் பிடிக்காது. தேனீப் பெட்டி வைத்துப் பாரேன் என்று யாரோ சொன்னார்கள். ஒரு மாதம் யூடியூபில் உட்கார்ந்து பார்த்தேன், எல்லாம் தெரிந்துவிட்டது என்ற நினைப்பு வந்துவிட்டது, பெட்டி வாங்க மார்த்தாண்டம் போனேன். விற்கிறவர் என் கையைப் பார்த்தார், என் கறுப்புச் சட்டையைப் பார்த்தார், "பெட்டி தாறேன், முதல்ல பழகிட்டு வாரும்" என்று சொல்லி அனுப்பிய இடம்தான் இந்தப் பயிற்சி.

இடத்தின் பெயரைப் போடவில்லை. கீழே சில குறைகளும் சொல்லப் போகிறேன், நடத்துகிற அண்ணாச்சி நல்ல மனிதர், வீணாக அவருக்குச் சங்கடம் வேண்டாம். மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் ஒரு வீடு, பின்னால் நாற்பது பெட்டி. அந்தப் பக்கம் விசாரித்தால் இது போல இன்னும் சில இடங்கள் தட்டுப்படும், நான் சொல்வதில் பாதி அவற்றுக்கும் பொருந்தும்.

நான்கு ஞாயிறு, காலை எட்டரை முதல் மதியம் ஒன்றரை வரை, மொத்தம் 1,800 ரூபாய், மதியச் சாப்பாடு உட்பட. முகவலை அவர்களே தருகிறார்கள். எங்கள் குழுவில் ஒன்பது பேர். அதில் ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற ஒரு அக்கா, நாகர்கோவிலில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், கல்லூரிப் பையன்கள் மூன்று பேர், அப்புறம் என்னைப் போல நிலத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்று அலைகிற ஆட்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் விடக் கூடாது: மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். மூன்றாவது ஞாயிறு நான் போனதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

முதல் நாள் போர்டு, படம், உரை எதுவும் கிடையாது. அண்ணாச்சி நேராகப் பெட்டியிடம் கூட்டிப் போனார். வாசலுக்கு எதிரே நிற்காதே, அது அவற்றின் ரோடு, பக்கவாட்டில் நில். செண்ட் போட்டவர்கள் போய்க் கழுவிவிட்டு வரலாம். செல்போன் பையில் இருக்கட்டும். இவ்வளவுதான் முன்னுரை. அப்புறம் புகைமூட்டியில் தேங்காய் நாரைத் திணித்துப் பற்றவைத்து, வாசலில் இரண்டே இரண்டு தடவை புகை காட்டிவிட்டு மூடியைத் தூக்கினார். உள்ளே இருந்து ஒட்டுமொத்தமாக 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல் வந்தது பாருங்கள், ஒன்பது பேரும் ஓரடி பின்னால் போனோம். நம்ம ஊர்ப் பெட்டித் தேனீ, அதாவது இந்தியத் தேனீ, அப்படித்தான் சீறும். கொட்டப் போகிறது என்று அர்த்தம் இல்லை, நான் இருக்கிறேன் என்று சொல்வது. எந்த வீடியோவிலும் அந்தச் சத்தத்தை நான் கவனித்ததில்லை. நான் பார்த்தவை பெரும்பாலும் இத்தாலியத் தேனீ வீடியோக்கள், அது வேறு சாதி, பழக்க வழக்கமும் வேறு. வாசலில் நின்று சிறகடித்துக் காற்று வீசும்போது நம்முடையது தலையை வெளிப்பக்கம் வைத்து நிற்கும், இத்தாலியன் தலையை வாசல் பக்கம் வைத்து நிற்கும் என்று அண்ணாச்சி காட்டினார். இது தெரிந்து எனக்கு என்ன ஆகப் போகிறது என்று அப்போது நினைத்தேன். ஆனால் அந்த நாளிலிருந்து எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.

இந்தப் பயிற்சியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. முதல் ஞாயிறு அன்று ஆளுக்கு ஒரு சட்டம், அதாவது தேனீ மெழுகு அறைகளாக அடை கட்டுகிற மரச்சட்டம், ஒதுக்கி, அதன் மேல்கட்டையில் ஒரு குண்டூசி குத்திக்கொள்ளச் சொன்னார்கள். அந்தச் சட்டத்தில் முட்டை இருக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வெயில் முதுகுக்குப் பின்னால் விழும்படி நின்று, அறையின் அடிப்பக்கம் தெரிகிற மாதிரி அடையைச் சாய்த்துப் பார்த்தால் நூல் துண்டு மாதிரி வெள்ளையாக ஒன்று தெரியும். எனக்குக் கால் மணி நேரம் தெரியவே இல்லை. பால்வெட்டு அக்கா அரை நிமிடத்தில் காட்டிக் கொடுத்தார். நிமிர்ந்து நின்றால் இன்றைக்கு இட்ட முட்டை, சாய்ந்திருந்தால் நேற்றையது, படுத்துவிட்டால் மூன்றாம் நாள், அடுத்து புழு. இரண்டாம் ஞாயிறு அதே சட்டத்தை எடுத்தால் முட்டை இருந்த இடத்தில் கொழுத்த புழுக்கள், சிலவற்றுக்குத் தேனீக்கள் மெழுகு மூடி போட ஆரம்பித்திருந்தன. மூன்றாம் ஞாயிறு எல்லாமே மூடியாகிவிட்டது. நான்காம் ஞாயிறு பெரும்பாலான அறைகள் காலி, கடைசியாக மிஞ்சிய சிலது மூடியைக் கடித்துக்கொண்டு தலையை நீட்டின, காலியான அறைகளில் ராணி மறுபடியும் முட்டை இட்டிருந்தது. முட்டையிலிருந்து வேலைக்காரத் தேனீ வெளியே வர மூன்று வாரத்துக்குள்தான் ஆகும், அதனால் நான்கு ஞாயிறு என்பது ஏதோ வசதிக்காக வைத்த கணக்கு இல்லை என்பது கடைசி நாளில்தான் எனக்கு உறைத்தது. அவர்களும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை, வந்தவர்களே கண்டுபிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மாதாமாதம் ஒரு நாள் பயிற்சி நடக்கிறது, கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு அது வசதி, அறிமுகத்துக்கு நல்லது. ஆனால் ஒரே சட்டத்தை நான்கு வாரம் தொடர்ந்து பார்ப்பது என்பது ஒரு நாளில் எங்கேயும் நடக்காது. அதற்காகவே நான் இவ்வளவு தூரம் பஸ்ஸில் போனதைத் தவறு என்று நினைக்கவில்லை.

ராணியைத் தேடாதே என்பதை அண்ணாச்சி நான்கு வாரமும் திட்டித் திட்டிச் சொன்னார். புதிதாக வருகிற எல்லோருக்கும் ராணியைப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு ஆசை, சட்டம் சட்டமாக எடுத்துத் தேடுவோம், அதற்குள் பெட்டி குளிர்ந்துவிடும், தேனீ மிரண்டுவிடும். நிமிர்ந்த முட்டை இருக்கிறதா? அறைக்கு ஒன்றுதானா? அப்படியென்றால் ராணி நன்றாக இருக்கிறது, மூடிவிட்டுப் போ. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை தாறுமாறாகக் கிடந்தால் ராணி போய்விட்டது, வேலைக்காரிகளே முட்டையிட ஆரம்பித்துவிட்டார்கள், அதிலிருந்து ஆண் தேனீ மட்டும்தான் வரும். ஆண் அறையின் மூடி குவிந்து, நடுவில் ஊசி குத்திய மாதிரி ஒரு ஓட்டையோடு இருக்கும். அதைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு பையன் "பூச்சி அரிச்சிருக்கு" என்று கத்தினான். அவன் கத்தியிராவிட்டால் நான் கத்தியிருப்பேன்.

சரி, கொட்டு. நான்கு வாரத்தில் எனக்குப் பதினொன்று. கொட்டின இடத்தில் இருக்கிற கொடுக்கை நகத்தால் வழித்தோ விரலால் கிள்ளியோ, எப்படியானாலும் உடனே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால்தான் விஷம் கூடுதலாக இறங்கும். கொட்டின இடத்திலிருந்து வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை வரும், அது மற்ற தேனீக்களுக்கு அபாய மணி, அதனால் அந்த இடத்தில் கொஞ்சம் புகை காட்டிவிட்டு விலகிவிட வேண்டும். இதெல்லாம் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்களிடம் ஒரு முதலுதவிப் பெட்டிகூட இல்லை என்பதுதான் என் முதல் குறை. இரண்டாம் ஞாயிறு ஒரு பையனுக்கு இமையில் கொட்டி ஒரு கண் முழுக்க மூடிக்கொண்டது, கொண்டுவந்து தடவியது வெற்றிலைச் சுண்ணாம்பு. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுவாரம் கறுப்புக் கண்ணாடியோடு வந்தான். ஆனால் தேனீக் கொட்டில் மூச்சு முட்டுகிற ஆட்களும் உண்டு, அப்படி ஒருவர் வந்திருந்தால் அந்தத் தோட்டத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஆட்டோ பிடிக்கவே அரை மணி நேரம். சேரும்போது "முன்னால் கொட்டினபோது மூச்சுத் திணறல் வந்ததா" என்று ஒரு கேள்விகூட யாரும் கேட்கவில்லை. உங்களுக்கு அப்படி ஏதாவது இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் போகாதீர்கள்.

மூன்றாம் ஞாயிறு நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தை எப்போதும் செங்குத்தாகப் பிடித்து, மறுபக்கம் பார்க்க வேண்டுமென்றால் செங்குத்தாகவே திருப்ப வேண்டும், படுக்கப் போடக் கூடாது என்று மூன்று தடவை சொல்லியிருந்தார்கள். நான் தட்டை ஏந்துகிற மாதிரி படுக்க வைத்தேன். புது அடை, தேன் நிறைந்தது, அப்பம் மாதிரி மெத்தென்று இருந்தது, அப்படியே கழன்று என் கால் மேல் விழுந்தது. பத்து நிமிடத்தில் அந்தத் தோட்டத்துத் தேனீ முக்கால்வாசி என் செருப்பில். அண்ணாச்சி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. உடைந்த அடையில் புழு இருந்த பகுதியை மட்டும் அறுத்து, காலிச் சட்டத்தில் வாழைநாரால் கட்டிப் பெட்டிக்குள் வைத்தார். "ரெண்டு நாள்ல ஒட்டிரும் மக்களே, நாரை அதுவே கடிச்சி வெளிய போட்டுரும்" என்றார். மறுவாரம் பார்த்தால் அப்படியே நடந்திருந்தது. பொந்திலிருந்து காட்டுக் கூட்டை எடுத்துப் பெட்டிக்கு மாற்றுவதும் இதே வேலைதானாம். என் மடத்தனத்தால் ஒன்பது பேருக்கும் அது இலவசப் பாடம்.

தேன் எடுப்பதைக் கடைசி நாள்தான் காட்டினார்கள். கையால் சுற்றுகிற இயந்திரம், கத்தியைச் சுடுதண்ணீரில் முக்கி மூடியைச் சீவுவது, எல்லாம் பார்க்க ஜோராக இருக்கும், எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். ஆனால் விஷயம் அதில் இல்லை, அந்தத் தேன் எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது. ரப்பர் மரம் இலை உதிர்த்துவிட்டுப் புதுத் தளிர் விடும்போது, மூன்று இலை சேருகிற காம்பு நுனியில் இருக்கும் சுரப்பிகளில் தேன் கசியும். பூவில் இல்லை, இலைக் காம்பில். அக்கா ஒரு தளிரைப் பறித்து நாக்கில் வைக்கச் சொன்னார், இனித்தது. ஜனவரி முதல் மார்ச் வரை ஏக்கர் ஏக்கராக இப்படிக் கசிந்தால் தேனீக்கு வேறு என்ன வேண்டும். மார்த்தாண்டம் தேன் என்று ஊர் பெயரே தேனோடு ஒட்டிக்கொண்டதற்கும், அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்ததற்கும் பின்னால் இந்த ரப்பர் இருக்கிறது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு மையம் தொடங்கி வீட்டுக்கு வீடு தேனீப் பெட்டியைக் கொண்டுபோன கதையை அண்ணாச்சி சொன்னார். அதற்கும் முன்னால் நியூட்டன் பாதிரியார் நம் சின்னத் தேனீக்கு ஏற்ற அளவில் உருவாக்கிய பெட்டிதான் இன்றும் 'நியூட்டன் பெட்டி' என்று ஓடுகிறது. 1991, 92இல் சாக்குப்புழு நோய் வந்து கேரளத்திலும் குமரியிலும் கிட்டத்தட்ட எல்லாக் கூடும் அழிந்ததைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் மாறிவிட்டது. தாய்லாந்து வைரஸ் என்பார்கள். புழு செத்து, தலையை மேலே தூக்கி, தோல் பை மாதிரி நீர் கோத்துக்கொண்டு கிடக்கும். மருந்து கிடையாது. அவருடைய அப்பாவுக்கு அறுபது பெட்டி இருந்ததாம், மூன்று மிஞ்சியதாம்.

எடுத்த தேனின் ஈரப்பதத்தை ஒரு சின்னக் கருவியில் பார்த்தார்கள். முழுக்க மூடி போட்ட அடையிலிருந்து வந்தது 20, அரைகுறையாக மூடினதிலிருந்து வந்தது 24. இருபது சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. போனால் பொங்கிப் புளித்துவிடும். ரப்பர் சீசனில் வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கிறார்கள், மூடி போடும்வரை காத்திருப்பதில்லை, பிறகு வெந்நீர்த் தொட்டியில் வைத்துச் சூடாக்கி ஈரத்தைக் குறைக்கிறார்கள். இதை அண்ணாச்சி மறைக்கவில்லை, "காத்திருந்தா பக்கத்துக்காரன் பெட்டி நிறையும்" என்று சிரித்தார். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை, ஆனால் ஒளிக்காமல் சொன்னது பிடித்தது. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், உறைந்தால் கலப்படம் என்று அர்த்தம் இல்லை, தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, நாய் நக்குமா என்று பார்ப்பது, தாளில் சொட்டுவது எதையும் நம்பாதே என்றும் சொன்னார். எங்கள் அம்மா இன்னும் நம்பவில்லை.

இப்போது என் பெரிய குறைக்கு வருகிறேன். பயிற்சி முடிந்ததும் பெட்டி, கூடு (உள்ளே இருக்கிற தேனீக் கூட்டம்), தாங்குகால் எல்லாம் சேர்த்து 3,600 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். முகவலை, புகைமூட்டி தனி. விலையில் எனக்குப் புகார் இல்லை. எப்போது கொடுத்தார்கள் என்பதில்தான் புகார். ஏப்ரல் கடைசி. தேனை எடுத்து முடித்தாகிவிட்டது, இனி பஞ்சக் காலம், அவர்களுக்கு அந்தக் கூடுகளுக்குச் சர்க்கரைப் பாகு ஊட்டி மழைக்காலத்தைத் தாண்ட வைப்பது செலவு, நமக்கு விற்றுவிட்டால் அந்தச் செலவு நம் தலையில். கூடு பிரிக்கிற, அதாவது ஒரு கூட்டத்தை இரண்டாக்குகிற, பருவம் அக்டோபருக்குப் பிறகுதான், புதிதாகத் தொடங்குகிறவன் வாங்க வேண்டியதும் அப்போதுதான். இதை அவர்கள் நான்கு வாரத்தில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், எனக்குக் கேட்கத் தெரியவில்லை. ஆனால் கேட்கத் தெரியாதவன்தானே காசு கொடுத்துப் படிக்க வருகிறான்?

இன்னொன்று, அவர்கள் சொல்லித் தருவது ரப்பர் காட்டுக்கான நாள்காட்டி. எப்போது தீவனம், எப்போது பிரிப்பது, எப்போது தேன் அறை (தேனுக்காகப் பெட்டி மேல் வைக்கிற அடுக்கு) வைப்பது எல்லாமே ரப்பர் தளிரைச் சுற்றித்தான் ஓடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் வந்துவிட்டால் ரப்பரும் இல்லை, அந்த நிழலும் இல்லை. காற்று இருக்கிறது. காற்றாலைக்காரர்கள் எதற்கு முப்பந்தலில் வந்து கூடினார்களோ அதே காற்று. நான் பெட்டியை முருங்கைக்கு நடுவில், நல்ல திறந்தவெளியில், வாசல் மேற்கே பார்க்க வைத்தேன். சொன்னபடி தாங்குகாலைச் சுற்றி எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணம், சிரட்டையில் ஒன்றுக்கு ஒன்று சர்க்கரைத் தண்ணீர், தேனீ முங்கிச் சாகாமல் இருக்க இரண்டு குச்சி, அந்தி நேரத்தில் மட்டும் வைப்பது, எதிலும் குறை வைக்கவில்லை. ஆனி பிறந்து இரண்டாம் வாரம் ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் பெட்டி காலி. செத்துக் கிடக்கவில்லை, கிளம்பிப் போய்விட்டது. நம் தேனீக்குப் பிடிக்கவில்லை என்றால் அப்படித்தான் போகும். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். சர்க்கரை வைத்தீரா, மெழுகுப் பூச்சி இருந்ததா, அடிப்பலகையைத் துடைத்தீரா என்று வரிசையாகக் கேட்டார். காற்று எப்படி என்று அவர் கேட்கவில்லை, அவருடைய தோட்டத்தில் அந்தக் கேள்விக்கு வேலையே இல்லை.

அதற்காக அவரை விட்டுவிடவில்லை. அவரும் என்னை விடவில்லை. நவம்பரில் மறுபடியும் போனேன், அந்த அக்கா தன் கூட்டைப் பிரித்து ஒன்று தந்தார், அண்ணாச்சி வந்து பார்த்துச் சரி என்று சொன்னார், ஓடிப்போனதை மனதில் வைத்துப் பெட்டிக்குக் காசு வாங்கவில்லை. இந்தத் தடவை வீட்டுக்குக் கிழக்கே, சமையலறைச் சுவரை அண்டி, மேற்குக் காற்று படாத மூலையில் வைத்திருக்கிறேன். முருங்கை இரண்டு தடவை பூத்துவிட்டது. காய் கூடியிருக்கிறதா என்று கேட்டால் கூடியிருக்கிற மாதிரித்தான் இருக்கிறது. எண்ணிப் பார்க்கவில்லை, மழையும் நன்றாக இருந்தது, எல்லாவற்றையும் தேனீ கணக்கில் எழுத முடியாது. தேன் இதுவரை ஒன்றரைக் கிலோ. ரப்பர்க்காரர்கள் ஒரு பெட்டியில் பத்துக் கிலோவுக்கு மேல் எடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு இந்தப் பக்கம் கணக்குப் போடாதீர்கள்.

போகலாமா என்றால், குமரி மாவட்டத்துக்காரர்கள், தோட்டத்தில் ரப்பர் இருக்கிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு போகலாம். 1,800 ரூபாய்க்கு இவ்வளவு கைவேலை வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களும் போங்கள், ஆனால் முதல் நாளே உங்கள் ஊர்க் காற்று, வெயில், எந்த மாதத்தில் என்ன பூக்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு, எனக்கு இதற்கு ஏற்றபடி சொல்லுங்கள் என்று கேளுங்கள். தேன் ஓடுகிற பிப்ரவரியில் பயிற்சி எடுங்கள், கூட்டை மட்டும் அக்டோபர், நவம்பரில் வாங்குங்கள். இடைப்பட்ட மாதங்களில் கை பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க மாதம் ஒரு தடவை அங்கேயே போய்ப் பெட்டி திறக்கலாம். பழைய ஆட்களுக்கு அதற்குக் காசு வாங்குவதில்லை, அடிப்பலகை துடைத்துக் கொடுத்தால் போதும்.

நாகர்கோவில் வடசேரியில் ஏழு மணிக்கு முன்னால் பஸ் ஏறிவிடுங்கள். மார்த்தாண்டத்தில் இறங்கி உள்ளே போகிற சின்ன பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று டிரைவருக்கே தெரியாது. வெளுத்த நிறத்தில் முழுக்கைச் சட்டை, கால் மூடுகிற ஷூ. செருப்பு வேண்டவே வேண்டாம், என்னிடம் கேளுங்கள்.